நகரத்தின் மின் கணக்கில் லயத்துக்கும் வாடகை அறைக்கும் இடம் உண்டா?

2024ஆம் ஆண்டு மே மாத முதல் வாரத்தில் கேரள மின்சார வாரியம் ஒரு கட்டுப்பாட்டை அறிவித்தது. மாநிலம் முழுவதற்கும் அல்ல, முதலில் பாலக்காடு மின் வட்டத்துக்கு. இரவு 7 மணி முதல் 1 மணி வரை மின்சாரத்தைச் சுருக்கிச் செலவிட வேண்டும், குடிநீர் மோட்டார்களையும் பாசன மோட்டார்களையும் அந்த நேரத்தில் ஓட்டக் கூடாது, விளம்பரப் பலகை விளக்குகளையும் அலங்கார விளக்குகளையும் 9 மணிக்கு மேல் அணைத்துவிட வேண்டும், ஏ.சி.யை 26 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது, பெரிய தொழிற்சாலைகள் இரவு நேர உற்பத்தியை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும் என்பன அதன் சாரம்.

அதற்குச் சில நாள் முன்புதான் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. இரவிலும் புழுக்கம் தணியவில்லை. விசிறியும் ஏ.சி.யும் விடிய விடிய ஓடின. மாநிலத்தின் உச்சகட்ட மின் தேவை அந்த மே மாதத்தில் 5,700 மெகாவாட்டையும் தாண்டியது. இடுக்கி மின் நிலையம் முழுத் திறனுடன் ஓடினால் கிடைப்பது 780 மெகாவாட். ஏழு இடுக்கிகள் சேர்ந்திருந்தாலும் அந்த இரவின் தேவைக்குப் போதியிராது.

கோடையில் மின்வெட்டும் கட்டுப்பாடும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் இந்தக் கட்டுப்பாடு ஓர் உண்மையை வெளிச்சம் போட்டுக் காட்டியது. ஒரு நகரம் எவ்வளவு மின்சாரம் செலவிடுகிறது, எந்த நேரத்தில் செலவிடுகிறது, யார் செலவிடுகிறார்கள் என்ற கணக்கை முன்கூட்டியே வைத்திருந்தால், நெருக்கடி வந்த பிறகு விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கே கரியமில வாயுவைக் குறைப்பதற்கும் அடிப்படை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, அதில் கஞ்சிக்கோட்டு வாடகை அறையிலும் மூணாறு லயத்திலும் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கு இடம் உண்டா என்பதே இங்கே ஆராய வேண்டிய விஷயம்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

கேரளம் என்றால் நீர் மின்சாரம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மையே. மூணாறுக்கு அருகே பள்ளிவாசலில் 1940ல் நீர் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1976 பிப்ரவரியில் இடுக்கித் திட்டத்தை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி தொடங்கி வைத்தார். அந்த நாளில் புகையில்லாத மின்சாரத்தையே இந்த மாநிலம் பெருமளவு நம்பியிருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. தேவை வளர்ந்த வேகத்துக்கு அணைகள் வளரவில்லை. மாநிலத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து விலைக்கு வருகிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து பாலக்காட்டுக்கு 400 கிலோவோல்ட் பாதை உண்டு. கரூர் பக்கத்துப் புகளூரிலிருந்து திருச்சூர் வரை 2,000 மெகாவாட் கொண்டுவரக்கூடிய நேர் மின்னோட்டப் பாதை 2021ல் திறக்கப்பட்டது. அதுவும் பாலக்காட்டு மண்ணைக் கடந்துதான் போகிறது. இந்தப் பாதைகளில் வருவதில் பெரும் பங்கு நிலக்கரியில் பிறந்தது.

அகில இந்திய மின் தொகுப்பிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால், சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு எங்கோ ஓர் அனல் நிலையத்தின் புகைபோக்கி வழியே மேலே போயிருக்கிறது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. விளக்கு எரிவது பாலக்காட்டில், புகை எழுவது வேறு மாநிலத்தில். நகரத்தின் வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்து நமக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது.

எல்லைப் பகுதிக்கு இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கூடலூர் அருகே லோயர் கேம்ப்பில் இறங்கி மின்சாரமாகிறது. 1970ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தப்படி அதற்காகத் தமிழகம் கேரளத்துக்குப் பணம் கட்டுகிறது. கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் ராமக்கல்மேட்டுக் காற்றாலைகளோ கேரளத்துக்கு மின்சாரம் தருகின்றன. தண்ணீரும் காற்றும் மின்சாரமும் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. கணக்குப் போடும்போது மட்டும் எல்லைக் கல் முளைத்துவிடுகிறது.

கணக்கை எப்படிப் போடுவது?

குடும்பத் தலைவி மாதக் கடைசியில் போடும் கணக்குக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. முதலில் ஓர் ஆண்டை அடிப்படை ஆண்டாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டில் வீடுகள், கடைகள், ஆலைகள், தெருவிளக்குகள், குடிநீர் மோட்டார்கள், வயல் மோட்டார்கள் ஆகியவை எத்தனை யூனிட் செலவிட்டன என்று தனித்தனியே எழுத வேண்டும். அடுத்து, நகருக்குள் எரிந்த பெட்ரோல், டீசல், கியாஸ், விறகு. கடைசியாகக் குப்பை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கரியமில வாயு என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ, பெட்ரோலுக்கு 2.3 கிலோ, 14.2 கிலோ கியாஸ் சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ. இதன் பிறகே எதை எவ்வளவு குறைப்பது என்ற பேச்சு.

மத்திய அரசு 2008ல் சூரிய நகரங்கள் திட்டத்தைக் கொண்டுவந்தபோது இந்த முறையையே வகுத்தது. நகரத்தின் வருங்காலத் தேவையை மதிப்பிட்டு, ஐந்து ஆண்டு முடிவில் அதில் குறைந்தது 10 சதவீதத்தைச் சிக்கனத்தாலும் சூரிய ஒளி போன்ற மாற்று வழிகளாலும் ஈடுகட்ட வேண்டும் என்பது இலக்கு. பாலக்காட்டுக்கு ஒரு பக்கம் கோவையும் இன்னொரு பக்கம் கொச்சியும் அந்தப் பட்டியலில் இடம் பெற்ற நகரங்கள்.

புள்ளிவிவரம் கையில் இருப்பது பாதி வேலை. திருச்சூர் மாநகராட்சிக்கு அந்த வசதி உண்டு. சுதந்திரத்துக்கு முன்பிருந்தே பழைய நகரப் பகுதிக்கு மின் விநியோகம் செய்வது அந்த நகராட்சியேதான். எந்தத் தெருவில் எந்த மாதம் எத்தனை யூனிட் என்பது அதன் சொந்தப் பேரேட்டிலேயே இருக்கிறது. மற்ற நகராட்சிகள் வாரியத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மூணாறில் இது வேறு விதம். கண்ணன் தேவன் தோட்ட நிறுவனம் வாரியத்திடம் மொத்தமாக வாங்கித் தன் பகுதியில் விநியோகிக்கும் உரிமம் பெற்ற நிறுவனம். ஆகவே லயங்களின் மின் கணக்கு வேண்டுமானால் பஞ்சாயத்து அந்த நிறுவனத்தின் பேரேட்டையும் பார்த்தாக வேண்டும்.

சிறிய ஊராலும் இது முடியும் என்பதற்கு வயநாட்டு மீனங்காடி பஞ்சாயத்து சாட்சி. 2016ல் அங்கே வேலை தொடங்கியது. வெளியேறும் கரியமில வாயு எவ்வளவு, மரமும் மண்ணும் உறிஞ்சுவது எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 11 ஆயிரம் டன் மிச்சம் நிற்பது தெரிந்தது. அதை ஈடுகட்ட மர வங்கி என்ற ஏற்பாடு வந்தது. மரக்கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன் தருவார்கள். மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் வரை கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

பெரிய நகரங்களும் சறுக்கியிருக்கின்றன. டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகன், 2025க்குள் தன் கரியமில வாயுக் கணக்கை நேர் செய்துவிடுவதாக உலகறிய அறிவித்திருந்தது. குப்பை எரிக்கும் ஆலையிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து அடக்கும் வேலைக்குப் பணம் கிடைக்கவில்லை. 2022ல் அந்தக் கெடுவைக் கைவிட்டது. மற்ற இனங்களில் எவ்வளவோ சாதித்த நகரம் அது. கையில் இல்லாத வரவை நம்பிச் செலவு எழுதினால் எந்த நகரத்துக்கும் இதே கதிதான்.

அருகிலேயே உள்ள உதாரணங்கள்

பாலக்காடு மாவட்டம் இதில் யாருக்கும் இளைத்தது அல்ல. கரிம்பாவுக்கு அருகே மீன்வல்லத்தில் 3 மெகாவாட் நீர் மின் நிலையம் 2014 முதல் ஓடுகிறது. அதைக் கட்டியது மின்சார வாரியம் அல்ல, மாவட்டப் பஞ்சாயத்து. இதற்காகவே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, கடன் வாங்கிக் கட்டி, உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்கிறார்கள்.

கணவாய்க்கு அந்தப் பக்கம், மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறைப் பஞ்சாயத்து 2006ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் வாங்கியது. சொந்தச் சேமிப்பு ஒரு பங்கு, வங்கிக் கடன் பெரும் பங்கு. பஞ்சாயத்தின் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சியதை மின் வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனை அடைத்தார்கள். அந்தக் காற்றாலை நின்றது உடுமலைப் பக்கத்தில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் பாதையில். கணவாயின் வாசலான கஞ்சிக்கோட்டிலோ, மின் வாரியம் 1990களில் 9 காற்றாலைகளை நிறுவியது. மொத்தத் திறன் 2 மெகாவாட்டுக்குச் சற்று மேல். எல்லையின் தமிழகப் பக்கத்தில் காற்றாலைகள் காடு போல வளர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்ததே.

மேற்படி உதாரணங்கள் யாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. தன் செலவு என்ன, வரவு என்ன என்று அறிந்த ஓர் உள்ளாட்சி, கடனுக்குத் துணிந்து இறங்கியது. மேலிடத்து உத்தரவுக்காக அது காத்திருக்கவில்லை.

யூனிட் மட்டும் போதாது, மணியும் வேண்டும்

கூரை மேல் சூரிய மின்தகடு வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். நல்ல வரவுதான். ஆனால் அது பகல் வரவு. பாலக்காட்டின் நெருக்கடியோ இரவு நெருக்கடி. சூரியன் மேற்கே இறங்கும் அதே நேரத்தில் விளக்கு, டி.வி., விசிறி, ஏ.சி. எல்லாம் ஒன்றாகக் கண் விழிக்கின்றன. அந்த நேரத்து மின்சாரம்தான் விலை அதிகம், வெளியிலிருந்து வருவதும் அதிகம்.

ஆகவே எந்தச் செலவைப் பகலுக்குத் தள்ளலாம் என்று பார்ப்பது நகரத் திட்டத்தின் முக்கியப் பகுதி. குடிநீர்த் தொட்டிகளைப் பகலில் நிரப்பலாம். சித்தூர், கொழிஞ்ஞாம்பாறை வட்டாரத்து ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களைச் சூரிய ஒளியில் ஓட்டலாம். மின் கட்டணமும் இப்போது அதையே சொல்கிறது. மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீடுகளுக்குப் பகலில் விகிதம் குறைவு, மாலை 6 மணி முதல் 10 மணி வரை அதிகம்.

தொழிற்சாலை விஷயம் இவ்வளவு எளிதல்ல. இரவு 10 மணிக்கு மேல் கட்டணம் குறைவு என்பதால் கஞ்சிக்கோட்டு இரும்பு உருக்கும் மின் உலைகளுக்கு இரவு ஓட்டமே லாபமாக இருந்துவந்தது. ஏ.சி. பெருகிய பிறகு உச்ச நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. 2024ல் தொழிற்சாலைகள் இரவு வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லப்பட்டதன் காரணம் இதுதான்.

உலையைப் பகலுக்கு மாற்றுவது காகிதத்தில் ஒரு வரி. ஆனால் உலையோடு ஷிப்டும் மாறும். 41 டிகிரி வெயில் காயும் பகலில், தகரக் கூரைக்குக் கீழே, உருகிய இரும்புக்கு முன்னால் நிற்கப் போகிறவன் தொழிலாளி. வெயிலில் வெளிவேலை செய்பவர்களுக்குக் கோடையில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவிடுகிறது. கூரைக்குக் கீழே உலை முன் நிற்பவனையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டாமா? மின்சாரத்தின் நேரத்தை மாற்றுகிறவர்கள் மனிதனின் நேரத்தையும் மாற்றுகிறார்கள் என்பதைத் திட்டம் எழுதும் மேஜையில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கூரை இல்லாதவன் கணக்கு

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்த பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், இரண்டு கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78 ஆயிரம் ரூபாய் மானியம் உண்டு. அதைப் பெறத் தகடு வைக்கத் தகுந்த கூரையும் மின் இணைப்பும் வேண்டும். வாடகைக்காரனுக்குக் கூரை வீட்டுக்காரருடையது. லயத்துக்காரனுக்கு அது தோட்டத்துடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். இருவரும் மானியக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

இன்னொரு நஷ்டம் பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. ஒரே மீட்டரில் ஆறு அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறைக்கு மாதம் 60 யூனிட் செலவானால் மொத்தம் 360 யூனிட். கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விகிதம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் உயர்ந்த ஒரே விகிதம். தனி மீட்டர் இருந்திருந்தால் அந்த ஆறு பேரும் கீழ்ப்படிகளிலேயே கட்டியிருப்பார்கள். குறைவாகச் செலவிடுகிறவன் பங்களாவின் விகிதத்தில் கட்ட நேருகிறது. தான் ஒருவன் சிக்கனம் பிடித்தாலும் மொத்த பில் இறங்காது என்பதால் சிக்கனத்தில் அவனுக்கு அக்கறையும் பிறப்பதில்லை.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 43ஆவது பிரிவில், உரிமையாளர் மட்டுமன்றிக் குடியிருப்பவரும் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதும், அறைக்குத் தனி எண் இருப்பதும் இதை எளிதாக்கும். டில்லியில் 2019ல் இன்னொரு வழியும் வகுத்தார்கள். ஓரிடத்தில் தகடுகளை வைத்து, அதில் கிடைக்கும் மின்சாரத்தைப் பல நுகர்வோரின் பில்களில் பங்கிட்டுக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பள்ளிக்கூடத்தின் கூரையோ சந்தைக் கொட்டகையின் கூரையோ கூரையில்லாதவர்களுக்குப் பயன்பட இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண விசிறி 75 வாட். நாளைக்கு 12 மணி நேரம் சுழன்றால் மாதம் 27 யூனிட். புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும், மாதம் 11 யூனிட்டில் வேலை முடிந்துவிடும். மிச்சம் 16 யூனிட், கரியமில வாயுவில் 11 கிலோ. ஆனால் அதன் விலை கூடுதல். விசிறி வாங்கித் தருபவர் வீட்டுக்காரர், பில் கட்டுபவர் குடியிருப்பவர் என்ற நிலையில் யார் அதை வாங்குவார்கள்? குண்டு பல்புக்கு ஒரு வழி பிறந்தது. காசர்கோடு மாவட்டம் பீலிக்கோடு பஞ்சாயத்து 2020லேயே குண்டு பல்பு இல்லாத பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. விசிறிக்கும் அப்படி ஒரு திட்டம் வருமானால் அதிகப் பயன் வாடகை அறைகளுக்கே.

அடுப்பும் இந்தக் கணக்கில் சேரும். தோட்டங்களில் இன்னும் விறகு எரிகிறது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களிலும் விறகு எரிகிறது. மீட்டர் இல்லாத செலவு என்பதால் எந்தப் பேரேட்டிலும் அது ஏறுவதில்லை. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் பெண்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாவது உஜ்வாலா திட்டத்தில், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களிடம் ரேஷன் கார்டோ முகவரிச் சான்றோ கேட்க வேண்டாம், சுய உறுதிமொழி போதும் என்று விதி வைத்தார்கள். முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டியே 5 கிலோ சிலிண்டரும் வாங்கலாம். இந்த விவரம் எல்லா அறைகளுக்கும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

சிறிய பங்கு, பெரிய விலை

ஓர் அறையில் மாதம் 60 யூனிட் என்றால் கரியமில வாயு 42 கிலோ. இரண்டு ஏ.சி. ஓடி 600 யூனிட் ஆகும் வீட்டில் 420 கிலோ. பாலக்காட்டிலிருந்து கோவைக்குக் காரில் தினமும் போய் வருகிறவர், போக வர 100 கிலோமீட்டருக்கு மேல், நாளைக்கு ஏழு லிட்டர் பெட்ரோல் எரித்தால் 16 கிலோ. மூன்றே நாளில் அறைக்காரரின் ஒரு மாதக் கணக்கைத் தாண்டிவிடுவார். அதே தூரத்தை ரயிலில் போகிறவரின் பங்கு இதில் மிகச் சிறியது. மதுரை–போடி பாதை அகலப் பாதையாகி 2023 ஜூனில் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. ஆனால் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் பெண்களுக்கு இன்றும் ஜீப்தான் கதி. அந்த ஜீப் தமிழகத்தில் டீசல் போட்டு இடுக்கியில் எரிக்கிறது. விலை வித்தியாசத்தைப் பார்த்து எந்தப் பக்கத்துப் பங்க்கில் நிரப்புவது என்று லாரிகள் முடிவு செய்யும் எல்லை இது. பங்க் விற்பனையை மட்டும் வைத்துப் போடும் கணக்கு இங்கே பொய்யாகிவிடும். தேனியும் இடுக்கியும், கோவையும் பாலக்காடும் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு அது.

இவ்வளவு சிறிய பங்குள்ளவர்கள் கொடுக்கும் விலையோ பெரிது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறு நயமக்காடு எஸ்டேட் பெட்டிமுடியில் பெய்த பேய் மழையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். ஒரு மழையை மட்டும் எடுத்து அது கரியமில வாயுவால் வந்தது என்று சொல்வது விஞ்ஞானம் ஆகாது. ஆனால் பூமி சூடேறச் சூடேறக் காற்று அதிக ஈரத்தைத் தாங்குகிறது, குறுகிய நேரத்தில் கொட்டும் மழை கடுமையாகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. சரிவில் கட்டிய லயம் யாருக்காகவும் இடம் மாறி நிற்கப் போவதில்லை. சிக்கனத் திட்டம் என்ற பெயரில் எழுதப்படும் ஏட்டில், பாதுகாப்பான வீடு என்ற பக்கமும் இருந்தாக வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

2050க்குள் கரியமில வாயுக் கணக்கை நேர் செய்வது கேரள அரசின் இலக்கு. நாட்டின் இலக்கு 2070. இந்தப் பெரிய எண்கள் யாவும் கடைசியில் வந்து இறங்கும் இடம் வார்டு. 2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. புதிதாக வந்தவர்கள் தங்கள் காலத்துக்கான திட்டங்களை எழுத வேண்டியவர்கள். கேரளப் பஞ்சாயத்துச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட வேண்டும். வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைத் தமிழர்களில் பலருக்கு அந்தத் தகுதி இருக்கிறது. கஞ்சிக்கோட்டு அறைகளில் இருப்பவர்களுக்கு வாக்கு பெரும்பாலும் சொந்த ஊரில். அவர்கள் சார்பில் தொழிற்சங்கங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை நான்கே. முதலாவது, நமது ஊரின் மின்சாரம், எண்ணெய், விறகுக் கணக்கு எடுத்தாகிவிட்டதா, அதில் லயங்களும் வாடகை அறைகளும் சேர்ந்திருக்கின்றனவா? இரண்டாவது, பல அறைகளுக்கு ஒரே மீட்டர் உள்ள கட்டிடங்களில் தனி மீட்டருக்கு ஏற்பாடு உண்டா? மூன்றாவது, பொதுக் கட்டிடக் கூரைகளில் வரும் சூரிய மின்சாரத்தில் கூரையில்லாதவர்களுக்குப் பங்கு உண்டா? நான்காவது, ஆலை நேரத்தை மாற்றும்போது தொழிலாளியைக் கலந்து பேசுவார்களா?

இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். முதல் கேள்விக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் வீடு வீடாக ஏறி இறங்கும் பொறுமையும் போதும். மீனங்காடியில் கணக்கெடுக்க முடிந்தபோது பாலக்காட்டிலும் மூணாறிலும் முடியாது என்று சொல்ல நியாயமில்லை. கணக்கெடுப்பவர்கள் லயத்துக் கதவையும் ஒரு முறை தட்டுவார்களா? அடுத்த கோடை வருவதற்குள் சம்பந்தப்பட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.